மலை பக்கத்துலதான் இருக்கு... சைக்கிள்ல ஏறலாமா? மவுண்டன் பைக்கிங்: விதி என்ன, வழி என்ன?

சிவகாசி பக்கம் எம்.புதுப்பட்டி வட்டாரத்தில், மழை பெய்து ஓய்ந்த காலையில் மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும். வீட்டில் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் நிற்கிறது. மொபைலைத் திறந்தால் கடலோரப் பாறை விளிம்பிலும், பள்ளத்தாக்கிலும், காட்டுக்குள்ளும் சைக்கிளில் பறக்கும் வெளிநாட்டு ரீல்ஸ். 'ஞாயித்துக்கிழமை நாமளும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?' என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தெரியும் அந்த மலை வெறும் மலை இல்லை. அது புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே போனால் வனத்துறை வழக்கு போடலாம். சட்டத்தை விடுங்கள், உயிருக்கே ஆபத்து. அப்படியானால் மவுண்டன் பைக்கிங் நமக்கு இல்லவே இல்லையா? இருக்கு. எங்கே, எப்படி என்பதைப் பார்ப்போம்.

மவுண்டன் பைக்கிங் என்றால் என்ன?

தார் ரோடு இல்லாத மண், கல், வேர், பாறைப் பாதைகளில் அதற்கென்றே தயாரித்த சைக்கிளை ஓட்டுவதுதான் மவுண்டன் பைக்கிங். இதில் சில வகைகள் உண்டு.

கிராஸ் கன்ட்ரி: ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதை. மூச்சுதான் முக்கியம். ஒலிம்பிக்கில் இருப்பது இந்த வகைதான்.

டிரெயில்: போட்டி இல்லாமல், காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் பொழுதுபோக்காக ஓட்டுவது.

எண்டியூரோ: இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடுவார்கள். ஆனால் ஏற்றத்தையும் நீங்களேதான் மிதித்து ஏற வேண்டும்.

டவுன்ஹில்: உச்சியில் இருந்து கீழே முழு வேகம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

இது எங்கே, எப்படித் தொடங்கியது?

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுன்டி என்ற பகுதி. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் பழைய, கனமான, தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைமேல் கொண்டு போனார்கள். அங்கிருந்து மண் ரோட்டில் கீழே பாய்ந்தார்கள். 1976-இல் அதையே ஒரு போட்டியாக நடத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ரீபேக்'.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கால சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒருமுறை மலை இறங்கினாலே சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைக் கழற்றி புதுசா கிரீஸ் அடைக்கணும். அந்த 'திரும்ப அடைக்கிற' வேலைதான் போட்டியின் பெயரானது.

அங்கிருந்து 20 வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே மவுண்டன் பைக்கிங் இடம்பிடித்தது. டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் தங்கத்தை வென்றவர் பிரிட்டனின் டாம் பிட்காக்.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது திருவனந்தபுரம் அருகே உள்ள பொன்முடியில். நம்ம ஊரில் இருந்து பார்த்தால் தெரிகிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதிதான் அது.

அப்போ நம்ம பக்கத்து மலையில் ஏன் முடியாது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதையும் தேனி மாவட்டத்து மேகமலை சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் 5-ஆவது புலிகள் காப்பகம், இந்தியாவின் 51-ஆவது. பரப்பளவு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். புலி, யானை, காட்டுமாடு, கரடி எல்லாம் இங்கே உண்டு.

இங்கே மூன்று விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இதன் 27-ஆவது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், அங்கே வசிக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் உள்ளவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து செல்பவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. சுற்றுலாவுக்குப் போக வேண்டும் என்றால் 28-ஆவது பிரிவின்படி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் இருக்கிறது. முன்பு 25 ஆயிரமாக இருந்த அபராத வரம்பு 2022 திருத்தத்தில்தான் 1 லட்சமாக உயர்ந்தது.

இரண்டு, 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம். சரணாலயமாக இல்லாவிட்டாலும், காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். 'இங்க புலி இல்லையே, வெறும் கரடுதானே' என்பது பதில் ஆகாது.

மூன்று, 2018-ஆம் ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு வந்தவைதான் இந்த விதிகள். வனப்பகுதியில் மலையேறுவதற்கு முன் அனுமதி கட்டாயம் என்று ஆனது.

நடந்து போறவங்களை மட்டும் விடுறாங்களே?

நல்ல கேள்வி. சதுரகிரிக்கு தாணிப்பாறை வழியாக பக்தர்கள் போகிறார்கள். ஆனால் வனத்துறை கேட் திறக்கும் நேரத்தில் ஏறி, சொன்ன நேரத்துக்குள் இறங்க வேண்டும். மழை என்றால் கேட்டை மூடி விடுவார்கள். 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். மலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கெடுபிடி.

மலையேற விரும்புகிறவர்களுக்காக தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். விருதுநகரும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்டினால் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகளை மூடி விடுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இது நடைப்பயணத்துக்கான அனுமதி. கையில் டிக்கெட் இருக்கிறதே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

சைக்கிள் புகை விடாதே, சத்தம் போடாதே... அதுல என்ன பிரச்சினை?

சத்தம் போடாததுதான் பிரச்சினை. பேசிக்கொண்டே நடந்து வரும் கூட்டத்தை யானையோ கரடியோ தூரத்திலேயே கவனித்து விலகிவிடும். சைக்கிள் சத்தமே இல்லாமல், 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும். மனிதனும் மிருகமும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது. பயந்த மிருகம் தாக்கும். 2016-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் காட்டுப் பாதையில் சைக்கிளில் வேகமாக வந்தவர் ஒரு கரடி மீதே மோதி, அது தாக்கி உயிரிழந்தார்.

மண் அரிப்பு இன்னொரு விஷயம். ஈர மண்ணில் பிரேக் போட்டு வழுக்கிக்கொண்டே இறங்கினால் டயர் ஒரு வாய்க்காலையே வெட்டி விடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாக ஓடி மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். வைகைக்குத் தண்ணீர் தரும் மலை இது.

வெளிநாட்டில் மட்டும் எப்படி ஓட்டுறாங்க?

ரீல்ஸில் காட்டாத பாதி இதுதான். மவுண்டன் பைக் பிறந்ததாகச் சொல்லப்படும் மரின் பகுதியின் டமால்பைஸ் மலையிலேயே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் பல காலமாகத் தடை. அகலமான தீத்தடுப்புச் சாலைகளில் மட்டும் ஓட்டலாம். அங்கேயும் மணிக்கு 24 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அமெரிக்காவில் 'வில்டர்னஸ்' என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. வேல்ஸில் கோய்ட் ஒய் பிரெனின் என்ற அரசுக் காட்டில் 1990-களில் சைக்கிளுக்கென்றே பாதை வெட்டினார்கள். மழைநீர் வடிய வழி, வளைவில் கல் பதிப்பு, கடினத்தைச் சொல்லும் வண்ணக் குறியீடு எல்லாம் வைத்தார்கள். ஊருக்கு ஆள் வரத் தொடங்கினார்கள். பிறகு பல ஊர்களும் அதைப் பின்பற்றின.

கேரளாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தது. பொன்முடி சாம்பியன்ஷிப் நடந்தது தேயிலைத் தோட்டப் பகுதியில். புலிகள் காப்பகத்தின் மையக் காட்டில் இல்லை.

விஷயம் இவ்ளோதான். மலை இருந்தால் மட்டும் போதாது. சைக்கிளுக்கென்று ஒரு பாதையும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும், அனுமதியும் இருந்தால்தான் இந்த விளையாட்டு நடக்கும்.

சரி, நாங்க இப்போ எங்கதான் ஓட்டுறது?

கரிசல் ஊர்களில் 'காட்டுக்குப் போறேன்' என்று சொன்னால் வனத்துக்குப் போவதாக அர்த்தம் இல்லை. மானாவாரி நிலத்துக்குப் போகிறார்கள். மவுண்டன் பைக் பழக முதலில் ஏற்றது அந்தக் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதைகள்தான். கண்மாய்க் கரை, ஊருக்கு ஊர் போகும் மண் ரோடு, வெம்பக்கோட்டை பக்கம் வைப்பாற்றை ஒட்டிய கிராமச் சாலைகள் எல்லாம் இதில் சேரும். பொதுப்பாதை என்றால் ஓட்டலாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அகழாய்வு நடந்த மேடு இருக்கிறது. அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள்.

கரிசலில் ஓட்டுவது சுலபம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்துவிட்டால் மண் பிசின் மாதிரி ஒட்டும். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பி, கொஞ்ச தூரத்திலேயே வண்டி உருளாது. சில மாதம் கழித்து அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் முன் டயர் இறங்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மழை நின்று மண் இறுகிய ஜனவரி, பிப்ரவரி காலைகள் நல்ல நேரம். ஆனால் அப்போது பருத்தி, மக்காச்சோளம் நிற்கும். வரப்பைத் தாண்டி பயிருக்குள் போகக் கூடாது.

இங்கே பெரிய எதிரி சீமைக்கருவேல முள். புது டயரையும் துளைக்கும். டியூபுக்குள் பஞ்சர் லிக்விட் ஊற்றிக்கொள்வதும், ஒரு டியூபும் பம்பும் கையில் வைத்திருப்பதும் இந்தப் பக்கம் கட்டாயம்.

பட்டாசு ஆலை இருக்கும் ஊரில் கூடுதல் கவனம்

இந்த எச்சரிக்கை வேறு எந்த ஊர் சைக்கிள் வழிகாட்டியிலும் இருக்காது. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில்தான் நடக்கிறது. ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, தனித்தனி அறைகளாக, பொட்டல் காட்டுக்கு நடுவில் இருக்கும். நீங்கள் போகும் மண் ரோடு நேராக ஒரு ஆலை கேட்டில் போய் முடியலாம்.

வேலி, கேட், எச்சரிக்கைப் பலகை எது தெரிந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். 'குறுக்கு வழி' என்று உள்ளே போகாதீர்கள். மருந்துக் கலவை உராய்ந்தாலே வெடிக்கும் என்பது இந்த ஊர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலைக்கு அருகே புகைப்பது, தீ மூட்டுவது கூடவே கூடாது.

ஆலைக் கழிவு, வெடிக்காத பட்டாசு, எரிந்த குவியல் பாதையோரம் கிடந்தால் அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். கையால் எடுத்தும் பார்க்காதீர்கள்.

விபத்து நடந்த ஆலையை வீடியோ எடுக்கப் போவது மிக ஆபத்து. முதல் வெடிப்புக்குப் பிறகும் அடுத்தடுத்த அறைகள் வெடிக்கக்கூடும்.

கடலோரப் பாறைப் பாதை தமிழ்நாட்டில் உண்டா?

ரீல்ஸில் வரும் மாதிரி கடலை ஒட்டி செங்குத்தாக நிற்கும் பாறைகள் நமக்குக் குறைவு. நம் கடற்கரை பெரும்பாலும் மணல். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பாறைக் கரை உண்டு. கேரளாவின் வர்கலாவில் செம்பாறை முகடு கடலை ஒட்டியே ஓடுகிறது. ஆனால் அதன் விளிம்பு சரிந்துகொண்டே இருக்கிறது. அங்கே ஓரத்தில் சைக்கிள் ஓட்டுவது வீண் வம்பு.

தூத்துக்குடி மாவட்டத்து தேரிக்காட்டுச் செம்மணல் பார்க்க அழகு. சாதாரண மவுண்டன் பைக் டயர் அதில் புதையும். 4 அங்குலம் அகலமுள்ள 'ஃபேட் டயர்' சைக்கிள்தான் மணலில் தாக்குப்பிடிக்கும்.

எந்த சைக்கிள் வாங்கலாம்?

கடையில் 'எம்.டி.பி.' என்று எழுதியிருக்கும் எல்லாமே மலை ஏறும் சைக்கிள் இல்லை. தோற்றம் மட்டும் அப்படி இருக்கும். ஷாக் அப்சார்பர் வெறும் ஸ்பிரிங்காக இருக்கும், எடை கூடுதலாக இருக்கும். மண் ரோட்டுக்கு அது போதும். பாறையில் குதித்தால் ஃபிரேம் தாங்காது. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

சஸ்பென்ஷன்: முன் ஃபோர்க் எவ்வளவு அமுங்கும் என்று கேளுங்கள். கிராஸ் கன்ட்ரிக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர், டிரெயிலுக்கு 120 முதல் 150, டவுன்ஹில்லுக்கு 200 வரை இருக்கும். நம்ம கரிசல் ரோட்டுக்கு 100 தாராளம். பின்னாடி சஸ்பென்ஷன் தேவையே இல்லை.

பிரேக்: டிஸ்க் பிரேக் நல்லது. சேற்றிலும் பிடிக்கும்.

சக்கரம்: 27.5 அல்லது 29 அங்குலம். உயரத்துக்குத் தகுந்த ஃபிரேம் அளவுதான் அதைவிட முக்கியம்.

டயர்: 2.1 அங்குலத்துக்கு மேல் அகலம். காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். உடல் எடையைப் பொறுத்து 25 முதல் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் மண்ணில் பிடிமானம் கிடைக்கும். டயரில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

பணம் இல்லையா? பள்ளியில் 11-ஆம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளிலேயே மண் ரோட்டில் சமநிலை, பிரேக் பழக்கம் எல்லாம் கற்றுக்கொள்ளலாம். மரின் இளைஞர்கள் ஆரம்பித்ததும் பழைய சைக்கிளில்தானே! ஆனால் அதில் குதிக்கவோ செங்குத்தாக இறங்கவோ கூடாது.

கிளம்பும் முன்...

ஹெல்மெட், கையுறை இல்லாமல் கிளம்பாதீர்கள். மண் ரோட்டில் விழுந்தால் முதலில் ஊன்றுவது உள்ளங்கைதான்.

விடியும்போது கிளம்பி, கோடையில் 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

தனியாகப் போகாதீர்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். விபத்து என்றால் 108.

இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தாதீர்கள். இரண்டையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, சீட்டில் இருந்து எழுந்து நில்லுங்கள்.

எதிரே ஆடு மாடு வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். பாதை முதலில் அவர்களுடையது.

நமக்கும் ஒரு பாதை கிடைக்குமா?

வாய்ப்பு இருக்கிறது. காப்பகத்துக்கு வெளியே புறம்போக்குக் கரடும், கண்மாய் ஓரங்களும் இருக்கின்றன. சில கிலோமீட்டர் நீளத்துக்கு வட்டப்பாதை, மழைநீர் வடிகால், நாலு பலகை, ஒரு முதலுதவிப் பெட்டி. அகாடமி கட்டுவது போன்ற செலவு இதற்கு ஆகாது. பட்டாசு ஆலைகளில் இருந்து தள்ளி, பயிர் இல்லாத இடமாகப் பார்த்தால் போதும்.

கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே கோரிக்கை வைத்துத் தீர்மானமாக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலரையும் அணுகலாம். 'சைக்கிள் ஓட்ட இடம் வேணும்' என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், சர்வே எண் என்ன, எத்தனை பேர் ஓட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் கோப்பு நகரும்.

அதுவரை மலை அங்கேயே இருக்கட்டும், புலிக்கும் யானைக்கும். சைக்கிளுக்குக் கரிசல் காடு போதும். அதிலேயே முள்ளையும் சேற்றையும் வெடிப்பையும் சமாளிக்கப் பழகியவருக்கு, நாளைக்கு எந்த மலையில் அனுமதி கிடைத்தாலும் கஷ்டம் இருக்காது.